பழைய சிறு அவுட்போர்டு இன்ஜினுக்குப் புரொப்பல்லர் தேர்ந்தெடுப்பது எப்படி? கண்மாய்க்கும் தொண்டிக் கடலுக்குமான வழிகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஜான்சன், எவின்ரூட், சீகல் போன்ற பழைய அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜின்) ஒன்று கண்ணில் பட்டால், வாங்குகிறவர் முதலில் பார்ப்பது டேங்கின் பெயிண்ட்டையும் கம்பெனி பெயரையும்தான். கயிற்றை இழுத்துப் பார்ப்பார், ஸ்பார்க் வருகிறதா என்று கேட்பார். அடியில் இருக்கும் புரொப்பல்லரைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் அந்த இன்ஜின் தண்ணீரில் பத்து வருடம் உழைக்குமா, ஒரே பருவத்தில் பேரிங் போய் உட்காருமா என்பதில் புரொப்பல்லருக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வழிகாட்டி 2 முதல் 10 குதிரைசக்தி வரையிலான பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கானது. அடிப்படை விதி ஒன்றுதான்: நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு, முழு த்ராட்டிலில், கம்பெனி குறித்த ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இன்ஜின் எட்ட வேண்டும். எட்டவிடும் புரொப்பல்லரே சரியான புரொப்பல்லர். மற்ற அளவுகள், கணக்குகள் எல்லாம் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காகத்தான்.

விட்டம், பிட்ச், சுமை

ஒவ்வொரு புரொப்பல்லருக்கும் இரண்டு எண்கள் உண்டு. 8 × 5 என்றால் விட்டம் 8 அங்குலம், பிட்ச் 5 அங்குலம். இறக்கை நுனிகள் சுழலும் வட்டத்தின் அகலம் விட்டம். நீர் கொஞ்சமும் நழுவாமல் இருந்தால் ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேறும் தூரம் பிட்ச்.

பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இன்ஜினிடம் மிச்ச சக்தி இருந்து, படகும் நீரின் மேல் எழும்பி ஓடக்கூடிய வகையாக இருந்தால் மட்டும் அது உண்மை. 3 குதிரைசக்தி இன்ஜினும் இரண்டு ஆளும் ஒரு பிளைவுட் படகும் என்றால் நிலைமை வேறு. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் புல்லட்டை நாலாவது கியரில் ஓட்டுவது போல இன்ஜின் திணறும். குறைந்த ஆர்பிஎம்மில் த்ராட்டில் முழுக்கத் திறந்திருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும், கரி படியும். கனெக்டிங் ராடு பேரிங் அடி வாங்கும். அறுபது வருடப் பழைய வெண்கல பேரிங்குக்கு மாற்று தேடுவது புரொப்பல்லர் தேடுவதைவிடப் பலமடங்கு கடினம்.

பிட்ச் குறைவாக இருந்தாலும் கெடுதல் உண்டு. இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றும். ஆனால் அது காதுக்குக் கேட்கும், த்ராட்டிலைக் குறைத்தால் அடங்கிவிடும். அதிக பிட்ச்சின் கெடுதல் சத்தமில்லாமல் நடக்கும். எனவே இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் பழைய இன்ஜினுக்குக் குறைந்த பிட்ச்சையே எடுங்கள்.

இன்ஜினை அடையாளம் காணுங்கள்

கிளாம்ப் பிராக்கெட்டிலோ அதன் அருகிலோ ஒரு சிறு தகடு இருக்கும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில்தான். ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களில் மாடல் எண்ணை வைத்தே வருடத்தைச் சொல்லிவிடலாம். சீகலில் சீரியல் எண்ணின் எழுத்துகளும் இலக்கங்களும் மாடலையும் காலத்தையும் காட்டும். தகட்டின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள், எண்ணும் சேர்ந்து போய்விடும். தின்னரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும்.

மாடல் தெரிந்தால் குறித்த ஆர்பிஎம் தெரியும். 1950, 60களின் சிறு இன்ஜின்கள் பெரும்பாலும் 4000 முதல் 4500க்குள் முழு சக்தி கொடுப்பவை. இன்றைய இன்ஜின்களின் 5000, 5500 கணக்கை இவற்றின் மேல் வைத்துவிடக் கூடாது.

அடுத்து கியர் விகிதம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினை முன்கியரில் போட்டு, புரொப்பல்லரைக் கையால் சரியாக 10 சுற்று சுற்றுங்கள். ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். ஃப்ளைவீல் பதினேழரை சுற்றியிருந்தால் விகிதம் 1.75.

புரொப்பல்லர் சுழலும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். படகின் பின்னால் நின்று முன்பக்கம் பார்க்கும்போது முன்கியரில் கடிகாரத் திசையில் சுழன்றால் அது வலக்கை புரொப்பல்லர். சிறு இன்ஜின்களில் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சீகல் தனி ரகம். 1931இல் மார்ஸ்டன் சீகல் என்ற பெயரில் இங்கிலாந்தில் தொடங்கிய இந்த இன்ஜின், கனமான படகை மெதுவாகத் தள்ளுவதற்காகவே உருவானது. பெரிய விட்டம், மெதுவான சுழற்சி, சில மாடல்களில் ஐந்து இறக்கை. ஷியர் பின்னுக்கு (மோதினால் தான் உடைந்து கியரைக் காக்கும் சிறு ஊசி) பதிலாக ஒரு கம்பிச்சுருள் புரொப்பல்லரை இழுக்கும். அதில் வேகத்துக்கான புரொப்பல்லரைப் பொருத்த முயல்வது வீண். அந்தந்த மாடலுக்குரிய அசல் புரொப்பல்லரைத் தேடுவதே வழி. கியர்பாக்ஸில் எஸ்ஏஇ 140 எண்ணெய் ஊற்ற வேண்டும். அதில் நீர் சற்றுக் கலந்து வெளுத்துப் போவது பழைய சீகல்களில் இயல்பு. ஜான்சனில் அதே நிறத்தைப் பார்த்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

புரொப்பல்லரைக் குறை சொல்லுமுன்

ஆர்பிஎம் ஏறாத இன்ஜினுக்குப் பிட்ச் குறைந்த புரொப்பல்லர் வாங்கிப் போட்டால் ஆர்பிஎம் ஏறிவிடும். கோளாறு கார்புரேட்டரில் இருந்தாலும் ஏறிவிடும். அப்போது நோயை மூடி வைத்ததாகிவிடும். எனவே முதலில் இன்ஜினைச் சரிபாருங்கள்.

இரட்டை சிலிண்டர் இன்ஜினில் இரண்டும் எரிகிறதா? ஓடும்போது ஒரு பிளக் ஒயரை ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் எடுத்தால் சத்தம் மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஒரே சிலிண்டரில் ஓடும் இன்ஜினும் ஐட்லிங்கில் நன்றாகவே சத்தம் போடும், பாரம் ஏறினால்தான் படுத்துவிடும். ஜான்சன், எவின்ரூட் மேக்னெட்டோவில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் பாகம்) பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மிமீ. காயில்களின் பழைய உறை வெடித்திருந்தால் மாற்றுங்கள். சூடேறியதும் ஸ்பார்க் போவது பெரும்பாலும் அதனால்தான்.

பெட்ரோலிலும் ஒரு சிக்கல் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய கார்புரேட்டரின் மிதவை தக்கையால் ஆனது. அதன் மேல் பூசிய ஷெல்லாக்கை எத்தனால் கரைத்துவிடும். தக்கை எரிபொருளைக் குடித்துக் கனத்து மூழ்கும், கார்புரேட்டர் வழியும், கரும்புகையோடு ஆர்பிஎம் விழும். எத்தனால் தாங்கும் பூச்சு போடுங்கள், அல்லது பொருந்துகிற செயற்கை மிதவைக்கு மாறுங்கள். பயணம் முடிந்ததும் டேங்கையும் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

எண்ணெய் விகிதமும் அந்தந்த இன்ஜினுக்குக் குறித்ததாக இருக்கட்டும். வெண்கல பேரிங் உள்ள பழைய ஜான்சன், எவின்ரூட் மாடல்களுக்கு 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், பின்னால் வந்த பலவற்றுக்கு 24க்கு 1. ஸ்கூட்டருக்கு ஊற்றும் 2டி எண்ணெய் வேண்டாம். அவுட்போர்டுக்கென்றே வரும் டிசி-டபிள்யூ3 வகையை வாங்குங்கள்.

அளவெடுப்பது

இருக்கும் புரொப்பல்லரின் குமிழில் (இறக்கைகள் சேரும் நடுப்பகுதி) எண்கள் அச்சாகியிருக்கலாம். தேய்ந்திருந்தால் நீங்களே அளக்கலாம். தேவையானவை ஒரு வெர்னியர், 30 செமீ இரும்பு ஸ்கேல், கோணமானி, சமமான பரப்பு. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடி டைல்ஸ் தரை பார்க்க வழவழப்பாக இருந்தாலும் கல்லுக்குக் கல் ஏற்றஇறக்கம் இருக்கும். கிரானைட் மேடையோ தடித்த கண்ணாடியோ நல்லது.

விட்டத்துக்கு, குமிழின் மையத்திலிருந்து ஓர் இறக்கையின் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். மூன்று இறக்கை உள்ளதில் நேருக்கு நேர் அளக்க முடியாது. மூன்றையும் தனித்தனியே அளந்து, தேய்ந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிட்ச்சை அளக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் கீழே, நட் பக்கம் மேலே இருக்கும்படி புரொப்பல்லரை வையுங்கள். இப்போது மேலே தெரிவதுதான் நீரைத் தள்ளும் முகம். மையத்திலிருந்து ஆரத்தின் 70 சதவீதத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். 8 அங்குலம், அதாவது 203 மிமீ விட்டமுள்ளதில் அது 71 மிமீ. அந்த வட்டம் இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் வெட்டும் இரண்டு இடங்களில் புள்ளி வையுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு கட்டைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, குறுக்கே ஸ்கேலைப் போட்டு, வெர்னியரின் ஆழக் கம்பியால் ஸ்கேலிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள ஆழத்தை அளவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உயரம். அந்த இரண்டு புள்ளிகளும் மையத்தில் உண்டாக்கும் கோணத்தைக் கோணமானியால் பாருங்கள். பிறகு உயரத்தை 360ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுங்கள்.

உயரம் 25 மிமீ, கோணம் 70 டிகிரி என்று வைத்தால் 25 × 360 ÷ 70 = 129 மிமீ. ஏறத்தாழ 5 அங்குலப் பிட்ச். எல்லா இறக்கைகளையும் இப்படி அளந்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று 3, 4 மிமீக்கு மேல் வேறுபட்டால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. அதிர்வுக்கும் கியர்பாக்ஸ் சீல் சீக்கிரம் தேய்வதற்கும் அது போதும்.

இனி பொருத்தத்துக்கான அளவுகள். புரொப்பல்லர் ஷாஃப்டின் விட்டம், குமிழின் நீளம், பின் துளையின் விட்டம், அந்தத் துளை குமிழின் எந்த இடத்தில் வருகிறது என்பது, நட் அல்லது கூம்பு மூடியின் மரை. பல சிறு ஜான்சன், எவின்ரூட்களில் ஷியர் பின் 3/16 அங்குலம், 4.76 மிமீ. இதை 5 மிமீ என்று எடுத்துக்கொண்டு துளையைப் பெரிதாக்கிவிடும் பட்டறைகள் உண்டு. நீங்களே வெர்னியரோடு போய் நில்லுங்கள்.

இறக்கை நுனிக்கும் மேலே உள்ள தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதையும் பாருங்கள். அசல் விட்டத்தைத் தாண்டிப் போக இந்த இடம் பெரும்பாலும் விடாது. புது மாடல் இன்ஜின்களுக்கு விற்கும் புரொப்பல்லர்கள் பெரும்பாலும் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் பல்வரி வெட்டிய) ஷாஃப்டுக்கானவை. பின் போட்ட பழைய ஷாஃப்டில் அவை ஏறா.

படகும் நீரும்

நீரைப் பிளந்து போகும் படகுக்கு நீளமே வேக வரம்பு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.48ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 11 அடிக்கு 8.2, 16 அடிக்கு 9.9, 20 அடிக்கு 11.1. எடை குறைந்த, அடி தட்டையான படகில் 10 குதிரைசக்தியும் ஒரே ஆளும் இருந்தால் நீரின் மேல் எழும்பி இந்த வரம்பைத் தாண்டலாம். 2, 3, 5 குதிரைசக்திகளில் அந்த ஆசையை விட்டுவிட்டு இழுவிசைக்காகத் தேர்ந்தெடுங்கள்.

செட்டிநாட்டில் இந்த இன்ஜின்கள் ஓடக்கூடிய இடம் கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை வரைக்கும் நீர் இருக்கும். அதற்குள் சோதனைகளை முடித்துக்கொள்ள வேண்டும். மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வலை எங்கே கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நைலான் வலை சுற்றிய புரொப்பல்லர் சீலைக் கிழித்துவிட்டுத்தான் அடங்கும். ஊருணியில் எந்தக் காரணத்துக்கும் இறக்காதீர்கள். அது குடிநீர், இந்த இன்ஜின்களோ எரியாத எண்ணெயைத் தண்ணீரிலேயே கக்குபவை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். அங்குள்ள மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்கு அங்கே இடமில்லை.

கண்மாயின் உண்மையான எதிரி கருவேலங்கட்டை. சமூகக் காடு திட்டத்தில் கண்மாய்க்குள் நட்ட கருவேல மரங்களை வெட்டிய பிறகு அடிக்கட்டைகள் நீருக்குள் அப்படியே நிற்கும். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது ஒருமுறை நடந்து, கட்டை இல்லாத பாதையை மொபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மடைக்கு அருகே, கரையை ஒட்டிய பகுதி ஆழமாகவும் கட்டை குறைவாகவும் இருக்கும்.

தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போனால் பாக் நீரிணை. ஆழம் குறைந்த கடல், அடியில் கடற்புல். கண்மாயில் ஆகாயத்தாமரையும் அல்லிக்கொடியும் செய்யும் வேலையை அங்கே கடற்புல் செய்யும். வடக்கே புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டக் கடலோரத்தை 2022இல் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேய்வதே அந்தப் புல்லைத்தான். புல் தெரியும் ஆழத்தில் இன்ஜினைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுவது கடற்பசுவுக்கும் நல்லது, கியர்பாக்ஸுக்கும் நல்லது.

கணக்கு

புரொப்பல்லரின் ஆர்பிஎம் × பிட்ச் (அங்குலத்தில்) × 0.001524. இது நழுவல் இல்லாத வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரில் தரும்.

இன்ஜின் 4000, கியர் விகிதம் 1.75 என்றால் புரொப்பல்லர் 2286 சுற்றும். 5 அங்குலப் பிட்ச்சுக்கு 17.4 கிமீ. 11 அடி நீர்மட்ட நீளமுள்ள படகின் வரம்போ 8.2. அப்படியானால் நழுவல் 53 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெதுவாகப் போகும் கனமான படகில் 40, 50 சதவீத நழுவல் இயல்புதான். எழும்பி ஓடும் படகில்தான் 15, 20க்குள் இருக்க வேண்டும்.

இதே படகில் 7 அங்குலப் பிட்ச் போட்டால் காகிதத்தில் 24 கிமீக்கு மேல் வரும். தண்ணீரில் படகு அதே 8 கிமீயில்தான் நிற்கும், இன்ஜின்தான் 400 ஆர்பிஎம் இழந்து முனகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் பெரிய பிட்ச்சுக்குக் காசு செலவழிக்க மாட்டார்கள்.

திருத்தத்துக்கு மூன்று தோராய விதிகள் போதும். பிட்ச்சில் 1 அங்குல மாற்றம் இன்ஜின் ஆர்பிஎம்மை 150 முதல் 200 வரை மாற்றும். விட்டத்தில் 1 அங்குலம் என்பது பிட்ச்சில் ஏறத்தாழ 2 அங்குலத்துக்குச் சமமான சுமை. 8 அங்குல விட்டத்தில் கால் அங்குலம் குறைத்தாலே சுமை எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். கனமான படகுக்கு விட்டத்தை முடிந்தவரை விட்டுவைத்துப் பிட்ச்சைக் குறையுங்கள். அதிக நீரை மெதுவாகத் தள்ளுவதில்தான் இழுவிசை கிடைக்கும்.

இறக்கை, வடிவம், உலோகம்

இரண்டு இறக்கை லேசானது, பாசியில் சிக்கினாலும் சீக்கிரம் விடுபடும், ஆனால் அதிர்வு கூடுதல். மூன்று இறக்கை நம் வேலைக்குப் போதும். கண்மாய்க்கு மட்டும் என்றால், இறக்கைகள் பின்னோக்கி வளைந்த பாசி பிடிக்காத வகையைத் தேடுங்கள். முன்விளிம்பு சாய்வாக இருப்பதால் தண்டுகள் வழுக்கி நுனிக்குப் போய்விடும். ஜான்சன், எவின்ரூட்டின் பழைய 3 குதிரைசக்தி மாடல்களில் இது அசலாகவே வந்தது. அது கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

அலுமினியமா, வெண்கலமா? கண்மாயில் இரண்டும் சரி. வெண்கலத்தை வளைவெடுக்கலாம், திருத்தலாம். ஆனால் கட்டையில் மோதினால் அடியைக் கியர்களுக்கு அனுப்பிவிடும். அதனால் பின் சரியான வகையாக இருந்தாக வேண்டும். கடலில் சேதி வேறு. அலுமினிய கியர்பாக்ஸில் வெண்கலப் புரொப்பல்லர் மாட்டி உப்புநீரில் விட்டால் இரண்டும் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் அரிக்கும். இந்த அரிப்பைப் பற்றிய ஆய்வு நம் ஊரிலேயே நடக்கிறது. 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையமே இருக்கிறது. கடலுக்கு அலுமினியப் புரொப்பல்லர் நல்லது. வெண்கலம்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்ஜினை நீரிலிருந்து தூக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, கியர்பாக்ஸின் பெயிண்ட் உரிந்த இடங்களை உடனே மூடிவிடுங்கள்.

பழம்பொருள் கடையில் தங்கம் போலப் பளபளக்கும் புரொப்பல்லரைப் பார்த்தால் இரண்டு முறை யோசியுங்கள். பஃப் போட்டு மெருகேற்றும்போது விளிம்புகள் தேய்ந்து மெலிந்துவிடும், இறக்கைக்கு இறக்கை கனம் மாறும். அலங்காரத்துக்கு அது அழகு. ஓட்டுவதற்கு, அழுக்கேறிய, முழு விளிம்புள்ள புரொப்பல்லரே மேல்.

பழுது பார்க்கலாமா, வார்க்கலாமா

விளிம்பில் சிறு வெட்டு விழுந்திருந்தால் அரத்தால் வளைவாகத் தேய்த்து விடுங்கள். ஓர் இறக்கையில் எடுத்த அளவை மற்றவற்றிலும் எடுக்க வேண்டும். வளைந்த வெண்கல இறக்கையை மரக்கட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் திருத்தலாம். 1 அங்குலம் வரை பிட்ச் மாற்றமும் அதில் சாத்தியம். பழைய அலுமினியம் திடீரென்று விரிசல் விடும். வேர்ப்பகுதியில் வளைந்ததைத் தொடாதீர்கள்.

அசல் எங்குமே கிடைக்காவிட்டால் மண் அச்சில் வார்க்கலாம். பழையதையே மாதிரியாக வைத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுமார் 1.5 சதவீதம் சுருங்கும். 203 மிமீ விட்டம் 200 ஆகும். அது பரவாயில்லை. ஆனால் வளைந்த மாதிரியின் வளைவும் அப்படியே வந்துவிடும். எனவே முதலில் மாதிரியைத் திருத்துங்கள். துளையை அச்சிலேயே விடாமல் கட்டியாக வார்த்து, லேத்தில் மையம் பிடித்துக் குடையச் சொல்லுங்கள். மையம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் படகு முழுவதும் அதிரும்.

கடைசியாகச் சமநிலை. நேரான ஒரு கம்பியைத் துளையில் இறுக்கமாகச் செருகி, சமமட்டமான இரண்டு இரும்புக் கத்தி விளிம்புகளின் மேல் உருள விடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே இறக்கை கீழே வந்தால் அது கனம். அந்த இறக்கையின் முன்பக்க முகத்தில், விளிம்புகளைத் தவிர்த்து நடுப்பகுதியில் தேய்த்துக் குறையுங்கள். நீரைத் தள்ளும் பின்முகத்தில் கை வைக்க வேண்டாம், பிட்ச் கெடும்.

மாட்டுதல்

முதலில் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். இந்த இன்ஜின்கள் பலவற்றில் நியூட்ரல் கிடையாது. புரொப்பல்லரைக் கையால் திருப்பும்போது ஒரு ஸ்பார்க் வந்தால் விரல் போய்விடும்.

ஷாஃப்டைத் துடைத்து, நீர் தாங்கும் கிரீஸ் தடவுங்கள். சீலுக்கு வெளியே மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், பழைய இன்ஜின்களில் அடிக்கடி இருக்கும். பின்னைச் செருகும்போது கையால் தள்ளினால் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின் எப்போதும் புதிது.

ஷியர் பின்னுக்குப் பதில் ஆணி, டிரில் பிட், சைக்கிள் ஸ்போக் எதையும் போடாதீர்கள். பின் உடைவதற்காகவே இருக்கிறது. அது உடையாவிட்டால் கருவேலங்கட்டையின் அடி கியர் பற்களுக்குப் போகும். கம்பெனி குறித்த உலோகத்தில் மட்டுமே பின் வெட்டுங்கள். குறைந்தது நான்கு பின், இரண்டு காட்டர் பின், இடுக்கி, துடுப்பு இவை படகில் இல்லாமல் கரையை விட்டு நகர வேண்டாம்.

இன்ஜின் உயரத்தையும் பாருங்கள். குட்டை ஷாஃப்ட் இன்ஜினுக்குப் படகின் பின்பலகை 15 அங்குலம், நீள ஷாஃப்டுக்கு 20. புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது 25 மிமீ வரை கீழே இருக்கட்டும். உயரமாக இருந்தால் மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு புரொப்பல்லர் வெறுமனே சுழலும். அப்போது பிட்ச்சை மாற்றிப் பயனில்லை.

தண்ணீரில் சோதனை

டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்த்த ஆர்பிஎம் கணக்கில் சேராது. அங்கே நீர் சுழன்று காற்றோடு கலந்துவிடும், சுமையே இருக்காது. தண்ணீர் இல்லாமல் ஓட்டுவதோ பம்ப்பின் ரப்பரைக் கொல்லும்.

இரண்டு மீட்டராவது ஆழமுள்ள இடம் வேண்டும். ஆழமில்லாத நீரில் படகின் பின்பக்கம் அமுங்கி இழுக்கும், ஆர்பிஎம் குறைந்து காட்டும். பிளக் ஒயரில் சுற்றும் சிறு டாக்கோமீட்டரை ஒரு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று அமைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஆட்கள், வழக்கமான பெட்ரோல், வழக்கமான சாமான்களோடு ஏறுங்கள். தனியாக ஏறிச் சோதித்துவிட்டுப் பிறகு நான்கு பேரை ஏற்றினால் கணக்கு தவறும். ஐந்து நிமிடம் சூடாக்கி, முழு த்ராட்டிலில் ஒரு நிமிடம் நேராக ஓட்டி ஆர்பிஎம்மையும் மொபைல் ஜிபிஎஸ் வேகத்தையும் குறியுங்கள். காற்றுக்கு எதிராக ஒன்று, காற்றோடு ஒன்று, இரண்டின் சராசரி.

4000 குறித்த இன்ஜினுக்கு 3900 முதல் 4200 வரை வந்தால் கை வைக்காதீர்கள். 3700க்குக் கீழே என்றால் பிட்ச்சை 1 அங்குலம் குறையுங்கள், அல்லது விட்டத்தைக் கால் அங்குலம் குறைத்து மறுபடி பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யக் கூடாது. வெட்டிய உலோகத்தை ஒட்ட முடியாது. 4300ஐத் தாண்டினால் பிட்ச் கூட்ட வேண்டும். காலைக் குளிரில் சோதித்தால், மத்தியான வெயிலில் இன்ஜின் சக்தி சற்று இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டு எல்லையின் மேல்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இழுவிசையை ஒப்பிட, படகைக் கரையில் உள்ள உறுதியான மரத்தில் நீளக் கயிற்றால் கட்டி, நடுவே 50 கிலோ ஸ்பிரிங் தராசை மாட்டி, சில விநாடிகள் மட்டும் முழு த்ராட்டில் கொடுங்கள். இரண்டு புரொப்பல்லர்களுக்கு நடுவே முடிவெடுக்க இது நல்ல வழி. ஆனால் நின்ற இடத்தில் இன்ஜின் எப்போதும் குறைந்த ஆர்பிஎம்தான் காட்டும், அதை மேலே சொன்ன எல்லையோடு ஒப்பிடாதீர்கள்.

கோளாறுகள்

ஆர்பிஎம் திடீரென்று ஏறி, படகு நின்றுவிட்டால் பின் உடைந்திருக்கிறது. ஆர்பிஎம் ஏறி, படகு மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தால் குமிழுக்குள் உள்ள ரப்பர் நழுவலாம். 10 குதிரைசக்தி போன்ற சற்றுப் பெரியவற்றில் இது உண்டு. உள் குழாயிலிருந்து வெளிக் குமிழ் வரை பெயிண்ட்டால் ஒரு நேர்கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

திரும்பும்போது மட்டும் வெறுமனே சுழன்றால் இன்ஜின் உயரமாக இருக்கிறது, அல்லது முன்னால் ஒரே பக்கம் பாரம் கூடி பின்பக்கம் தூக்கிவிட்டது. நேராகப் போகும்போதும் அப்படியென்றால் முன்விளிம்பில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். இறக்கையில் ஊசி குத்தியது போன்ற குழிகள் விழுந்தால் நீர் குமிழி கட்டி வெடிக்கிறது என்று பொருள். சிறு இன்ஜினில் அதற்குக் காரணம் பெரும்பாலும் சிதைந்த விளிம்பே.

அதிர்வு எல்லா வேகத்திலும் இருந்தால் சமநிலை அல்லது வளைந்த ஷாஃப்ட். இரண்டையும் பிரித்தறிய, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுப் புரொப்பல்லரையும் எடுத்துவிட்டு ஷாஃப்டைச் சுற்றி அதன் நுனியைப் பாருங்கள். நுனி வட்டமடித்தால் ஷாஃப்ட்தான். புதுப் புரொப்பல்லர் அதைத் தீர்க்காது.

ஆர்பிஎம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் உடனே நிறுத்தி, இன்ஜினைத் தூக்கிப் பாருங்கள். கண்மாயில் பத்தில் எட்டு முறை வேலம்பாசியாகத்தான் இருக்கும். பின்கியர் இருந்தால் ஐந்து விநாடி பின்னுக்குச் சுற்றினாலே பாதி கழன்றுவிடும். இல்லாவிட்டால் ஒயரைக் கழற்றிவிட்டுக் கத்தியால் அறுங்கள். பாசியை எடுத்த பிறகும் ஆர்பிஎம் திரும்பாவிட்டால் குளிரூட்டும் நீர் வெளியே வருகிறதா என்று பாருங்கள். பாசி நீர் உள்ளே போகும் துவாரத்தையும் அடைத்திருக்கும். நீர் வராத இன்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்தி, துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள்.